மாத இரவுச் சாப்பாட்டுத் திட்டம் எங்கே மடங்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ஒரு மாதத்துக்கான இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் தாள் மட்டும் தொங்குகிறது. சமைப்பவரின் சோம்பல் என்று வீட்டில் பேச்சு வரும். பெரும்பாலும் அப்படி இல்லை, கோளாறு தாளில்தான் இருக்கும்.

கீழே வீட்டில் தெரியும் அறிகுறிகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவது எதுவோ நேராக அங்கே போகலாம். அளவுகள் எல்லாம் ஐந்து பேர் இருக்கும் ஒரு சேலம் வீட்டுக்கு. மதியம் சோறு, ராத்திரி டிபன் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம் ஜோராக ஓடுகிறது, மூன்றாம் வாரம் யாரும் தாளைப் பார்ப்பதில்லை

தாளில் முப்பது தேதிக்கு முப்பது பதார்த்தம் எழுதியிருந்தால் அதுதான் காரணம். நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு பதார்த்தக் கணக்கில் ஓடுவதில்லை, மாவுக் கணக்கில் ஓடுகிறது. ஒரு தடவை மாவு ஆட்டிவிட்டால் அடுத்த மூன்று ராத்திரி என்ன என்பது அப்போதே முடிவாகிவிடும். இதைக் கவனிக்காமல் திங்கள் இட்லி, செவ்வாய் சப்பாத்தி, புதன் தோசை, வியாழன் உப்புமா என்று கலைத்து எழுதினால், சப்பாத்தி போடும் நாளில் குண்டான் நிறைய மாவு உட்கார்ந்து புளித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே யாராவது கோதுமை மாவு பிசைவார்களா? தோசை ஊற்றிவிடுவார்கள். அங்கே ஒரு நாள் தாள் மீறப்படும். அதற்கப்புறம் எல்லா நாளும் அப்படித்தான்.

சரிசெய்ய, மாதத்தை மாவுச் சுற்றாகப் பிரியுங்கள். 1 கிலோ இட்லி அரிசிக்கு 200 முதல் 250 கிராம் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இதில் அறுபது இட்லிக்குக் கொஞ்சம் மேலேயே வரும். ஐந்து பேருக்கு ஒரு ராத்திரிக்கு இருபது, இருபத்தைந்து இட்லி போக, மீதி மாவு இரண்டு ராத்திரி தோசைக்குக் காணும். காலையிலும் இதே மாவில்தான் கை வைப்பீர்கள் என்றால் ஒன்றரைக் கிலோ போடுங்கள்.

ஞாயிறு மதியம் ஊறவைத்துச் சாயங்காலம் ஆட்டினால் திங்கள் காலை பொங்கியிருக்கும். உடனே ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். திங்கள் ராத்திரி இட்லி, செவ்வாய் தோசை, புதன் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். மாவு புளிக்கப் புளிக்க அதற்கேற்ற பலகாரம் வரும்படிதான் இந்த வரிசை. இட்லிக்குப் புது மாவு வேண்டும், வெங்காயம் பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டிய பணியாரத்துக்குக் கொஞ்சம் புளித்தால்தான் ருசி. வியாழன், வெள்ளி, சனி மூன்றும் மாவில்லாத ராத்திரிகள். ஞாயிறு மதியம் கறி எடுத்த வீட்டில் ராத்திரிக்கு அந்தக் குழம்பே போதும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நான்கு வாரத்தில் பன்னிரண்டு ராத்திரி மாவுக்குப் போய்விட்டது, நான்கு ராத்திரி ஞாயிற்றுக் குழம்புக்கு. உட்கார்ந்து யோசிக்க வேண்டியது மீதி பன்னிரண்டுக்குத்தான். ஆறு பலகாரத்தை இரண்டிரண்டு முறை போட்டால் முடிந்தது: அரிசிம்பருப்பு சாதம், சப்பாத்தி குருமா, ராகிக்களியும் கொள்ளுக் கடைசலும், சந்தகை (இடியாப்பம் மாதிரி அச்சில் பிழிவது), ரவை உப்புமா, தக்காளிச் சாதம். வாரத்தில் இரண்டு முறை அரிசிம்பருப்பு வந்தாலும் எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சூட்டோடு நெய் விட்டு, ஓரமாக ஒரு அப்பளம் வைத்தால் போதும்.

சந்தகையை மட்டும் வியாழன் வெள்ளியில் எழுதாதீர்கள். பிழிய ஒரு ஆள், அச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை ஆட்கள் வீட்டில் இருக்கும்போது வைத்துக்கொண்டு பாதிக்கு எலுமிச்சை, பாதிக்குத் தேங்காய்ப்பால் என்று முடியுங்கள்.

புதன்கிழமைக்குள் மாவு வாயில் வைக்க முடியாத அளவு புளிக்கிறது

சித்திரை, வைகாசி வெயிலில் சேலத்தில் இது சாதாரணம். வெயில் காலத்தில் ஆட்டி முடித்ததுமே மாவை இரண்டாகப் பிரியுங்கள். திங்களுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துப் புளிக்க விட்டு, மீதியை உப்புப் போட்டுக் கலக்கி அப்போதே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்தப் பாத்திரத்தைச் செவ்வாய் மதியம் வெளியே எடுத்தால் ராத்திரிக்குள் பதமாகிவிடும். வெளியே வைக்கும் மாவும் வெயில் காலத்தில் ஆறு ஏழு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். அதனால் ராத்திரி தூங்கப் போவதற்கு முன் ஆட்டி, விடிந்ததும் முதல் வேலையாக உள்ளே தள்ளுவது உத்தமம். இன்னொன்று, கரண்டி போட்டு எடுத்த குண்டானையே திரும்ப உள்ளே வைக்காமல், வேண்டிய அளவை வேறு போசியில் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவு பொங்கவே இல்லை, பருப்பும் வேகவில்லை

ஏற்காட்டில் வீடு என்றால் இரண்டும் சேர்ந்தே வரும், காரணம் வேறு வேறு. மார்கழிக் குளிரில் மாவு பன்னிரண்டு மணி நேரத்திலும் அசையாமல் கிடக்கும். உளுந்தை ஒரு பிடி கூட்டுங்கள், வெந்தயத்தை விடாதீர்கள், உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், ஏனென்றால் உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும். கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்படியில் வைத்தால் பரவாயில்லை. மலைவாசிகள் தாளில் ஆட்டும் நாளை ஒரு நாள் முன்னால் தள்ளி எழுதுவதுதான் நிஜமான தீர்வு. ஞாயிறுக்குப் பதில் சனி ராத்திரி ஆட்டினால் திங்கள் இட்லிக்கு ஆபத்தில்லை.

பருப்புக்குக் காரணம் உயரம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த சட்டியில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கிடக்கும். குக்கர்தான் வழி, அதிலும் கீழே விடும் விசிலைவிட ஒன்றிரண்டு கூடுதல்.

சேலத்திலேயே பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். நல்ல தண்ணீர் தீர்ந்துபோய் போர் தண்ணீரில் வைத்திருப்பீர்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். மேட்டூர்க் குடிநீர் வரும் நாளில் பிடித்துவைப்பதில் ஒரு குடத்தைப் பருப்புக்கென்று ஒதுக்குங்கள். கொள்ளு, தட்டைப்பயறு போன்றவற்றை முந்தின நாள் இரவே ஊறப்போட வேண்டும். தாளில் வியாழன் கொள்ளுக் கடைசல் என்று எழுதினால் போதாது, புதன் கட்டத்தின் ஓரத்தில் ‘கொள்ளு ஊறவை’ என்றும் எழுத வேண்டும். புளி, தக்காளி, உப்பு மூன்றும் பயறு வெந்த பிறகு.

எழுதிய காய் சந்தையில் இல்லை, இருந்தால் விலை கேட்கவே பயமாக இருக்கிறது

மாதத் தொடக்கத்தில் உட்கார்ந்து மூன்றாம் வாரத்துக்கு அவரைக்காய் என்று எழுதுவது தைரியம்தான். தக்காளி ஒரே மாதத்தில் மலிந்தும் கிடக்கும், மலையேறியும் நிற்கும். எனவே காயின் பெயரை எழுதாமல் வகையை எழுதுங்கள். கீரை ஒன்று, பீர்க்கன், புடலை, சுரை மாதிரிக் கொடிக்காய் ஒன்று, பிஞ்சுக் காய் ஒன்று, கிழங்கு அல்லது பூசணி ஒன்று. அஸ்தம்பட்டியோ சூரமங்கலமோ அம்மாப்பேட்டையோ தாதகாப்பட்டியோ, உங்களுக்குப் பக்கத்து உழவர் சந்தையில் அன்றைய விலைப் பலகையைப் பார்த்து வகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். விடிகாலையில் போக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் போனால் பொறுக்கிப்போட்ட மிச்சம்தான்.

தக்காளி எகிறும் மாதத்துக்கு ஒரு மாற்று வரிசை தாளின் பின்பக்கம் இருக்கட்டும். தோசைக்குத் தக்காளிச் சட்னி இடத்தில் பொட்டுக்கடலைச் சட்னி, தக்காளிச் சாதத்துக்குப் புளிச்சாதம், சாம்பாருக்கு மோர்க்குழம்பு. மாங்காய்க் காலத்தில் கவலையே இல்லை. மாங்காய் போட்ட பருப்புக்குத் தக்காளியே வேண்டாம். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழ சீசனில் இரண்டு ராத்திரியை ‘தயிர்ச்சாதம், மாம்பழம்’ என்று எழுதாமல் விடுவது, என்னைக் கேட்டால், தண்டனைக்குரிய குற்றம்.

வாரக் கடைசியில் காய்கூடையில் பாதி அழுகல்

வாங்கிய அளவு தப்பில்லை, சமைத்த வரிசை தப்பு. கீரை, கொத்தமல்லி, கத்திரிப் பிஞ்சு இவற்றை வாங்கிய அன்றும் மறுநாளும் தீருங்கள். வெண்டை, பீன்ஸ், கொடிக்காய் அடுத்த இரண்டு நாள். கோஸ், கேரட், பீட்ரூட், சேனை, வெட்டாத பூசணி கடைசிக்கு. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

ஆறு மணிக்கே எல்லோரும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்

வேறு ஊரில் இது ஒரு அறிகுறியே இல்லை. இங்கே இருக்கிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய கேரட் பீட்ரூட், வெங்காயம் வைத்துத் தெருமுனையில் நீட்டுகிறார்கள். ஒரு செட்டோடு யார் நிறுத்துகிறார்கள்? வீட்டுக்கு வந்தால் பசி இல்லை, ஆவியில் வைத்த இட்லி அப்படியே கிடக்கும்.

தடுக்கப் பார்க்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். எந்தக் கிழமையில் இது அதிகம் நடக்கிறது என்று இரண்டு வாரம் கவனியுங்கள். டியூஷன் விட்டுப் பிள்ளைகள் வரும் நாள், கடைவீதிக்குப் போகும் நாள், சம்பளம் வந்த சனி. அந்த ராத்திரியைத் தாளிலேயே ‘லேசு’ என்று எழுதிவிடுங்கள். மதியச் சோற்றோடு ஒரு ரசம், அல்லது ஆளுக்கு ஒரு தம்ளர் ராகிக் கூழ், மோர். பெரிய சமையலை அங்கிருந்து நகர்த்திவிட்டால் வீணும் இல்லை, சண்டையும் இல்லை.

திடீரென்று விரதம் குறுக்கே வருகிறது

ஃப்ரீசரில் கறி வாங்கி வைத்தாயிற்று, காலையில் மாமியார் காலண்டரைக் கிழித்துவிட்டு ‘இன்னைக்கு அமாவாசை’ என்கிறார். கைபேசியில் இருக்கும் ஆங்கில மாதத்தை வைத்துக்கொண்டு தாள் எழுதியதன் விளைவு. தினசரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்து, எழுதத் தொடங்கும் முன்பே அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, சஷ்டி, இரண்டு பிரதோஷம் ஆகியவற்றுக்குப் புள்ளி வைத்துவிடுங்கள். எல்லா வீட்டுக்கும் எல்லாப் புள்ளியும் பொருந்தாது. எதெல்லாம் நம் வீட்டு வழக்கம் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது, அவர்களுக்கும் தாளில் ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றும். சில வீடுகளில் அந்த நாட்களில் வெங்காயம், பூண்டுகூட ஆகாது. அதைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தமிழ் மாதங்களுக்குத் தனித் தாளே போட வேண்டும். ஒன்று புரட்டாசி. செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடு வரை கறி இல்லாத வீடுகள் பல, அதனால் ஞாயிற்றுக் குழம்புக் கட்டம் நான்கும் காலியாகும். காளான், பன்னீர் என்று ஓடாமல் மொச்சைக்கொட்டைக் குழம்பு, பச்சைப்பயறு கடைசல், சேனை வறுவல் என்று நிரப்பினால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

இன்னொன்று ஆடி. கோட்டை மாரியம்மன் திருவிழாவோடு ஊர் முழுக்க மாரியம்மன் கோயில்களில் பண்டிகை. பூச்சாட்டிய பிறகு கறி எடுக்காத வீடுகள் உண்டு. பொங்கல் வைத்து முடிந்ததும் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடும் வீடுகளும் உண்டு. உங்கள் பகுதிக் கோயிலின் நோட்டீஸ் கைக்கு வரும் வரை ஆடித் தாளில் பண்டிகை வரும் இரண்டு வாரத்தைப் பென்சிலில் எழுதுங்கள். சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டிகளில் வேஷம் கட்டி வரும் ஊர்வலம்) நடக்கும் ராத்திரி, அந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் நேரத்துக்குச் சாப்பிட உட்கார மாட்டார்கள். அன்றைக்குப் புளிச்சாதம் கிளறிப் பெரிய பாத்திரத்தில் மூடி வைத்துவிடுவதே புத்தி. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் சேர்த்து அரிசி போடுங்கள்.

ஒருவர் மட்டும் தினமும் வேறு ஏதாவது கேட்கிறார்

யார் அந்த ஒருவர் என்பதைப் பொறுத்தது. பிள்ளை என்றால், அடிப்படை ஒன்று, முடிப்பு வேறு. அதே தோசை மாவு, பிள்ளைக்கு மட்டும் நெய்யும் பொடியும் தூவிய முறுகல். இதற்கு மேல் இறங்கி நூடுல்ஸ் தனியாக வைக்கத் தொடங்கினால் தாள் அன்றோடு முடிந்தது.

ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்தரைக்கு வருபவர் என்றால் பட்டியலை அவருடைய ஷிப்ட் அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். அந்த வாரத்தில் இட்லியையும் அரிசிம்பருப்பையும் போடுங்கள், இரண்டும் திரும்பச் சூடு பண்ணினால் தாங்கும். தோசையும் பணியாரமும் அவர் பகல் ஷிப்ட் வாரத்துக்கு. பத்தரை மணிக்கு மறுபடி தோசைக்கல் வைக்கச் சொல்வது நியாயமில்லை.

சர்க்கரை இருக்கும் பெரியவர் என்றால் ஒரு எச்சரிக்கை. களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. ராகியும் மாவுப் பண்டம்தான், பெரிய உருண்டையாக இரண்டு போட்டால் அதுவும் ஏற்றும். உருண்டையைச் சின்னதாக்கிக் கடைசலையும் கீரையையும் கூட்டுங்கள். அளவை அவருடைய டாக்டர் சொன்னபடி தாளிலேயே குறித்து வையுங்கள்.

மீந்ததைச் சாப்பிட்டு வயிறு கெடுகிறது

தாளில் ‘மீதி’ என்று ஒரு கட்டம் இருந்தால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். சோற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக மூடிக்கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மதியச் சோறு ராத்திரிக்கு வேண்டுமென்றால், வடித்த சூடு அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள், அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளைத் தாண்டக் கூடாது. தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பை மீதிக் கட்டத்துக்கு நம்ப வேண்டாம், வெளியே இருந்தால் சேலம் வெயிலில் அது அன்றைக்கே நூல் விடும். கறிக்குழம்பு, சாம்பார் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும், எடுத்த அளவைத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். ஃப்ரீசரில் வைக்க நினைத்தால் உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், உருகியதும் மணல் மாதிரி நரநரக்கும்.

இருபதாம் தேதிக்கு மளிகை தீர்ந்துவிடுகிறது

தாளையும் மளிகைச் சீட்டையும் தனித்தனியாக எழுதுவதால் வருவது. ஐந்து பேர் சாம்பாருக்கு 150 கிராம் துவரம்பருப்பு. மாதத்தில் எட்டு ராத்திரி சாம்பார் என்றால் 1.2 கிலோ, மதியத்துக்குத் தனிக் கணக்கு. இப்படி ஒவ்வொன்றையும் பெருக்கிவிட்டு அப்புறம் லீ பஜாருக்கோ செவ்வாய்ப்பேட்டைக்கோ போங்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு வரும் துவரம்பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்க்கு வரும் பாமாயிலையும் முதல் வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கைக்கு வந்த நாளில் இருந்துதான் இருப்பு.

சமைப்பவருக்கு முடியாத அன்று எல்லாம் நின்றுவிடுகிறது

காய்ச்சல், ஊரில் ஒரு காரியம், அல்லது வெறும் அசதி. தாள் ஒரே ஆளின் கையை நம்பி எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். முப்பது கட்டத்துக்கு வெளியே, தேதி இல்லாமல் நான்கு சாப்பாடு எழுதி வையுங்கள். வீட்டில் யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்: ரவை உப்புமா, குக்கரில் பச்சைப்பயறு சாதம், முட்டைப் பொரியலோடு ரசம் சாதம், ஜவ்வரிசி உப்புமா. நான்காவதற்கு மட்டும் ஜவ்வரிசியைக் காலையிலேயே நனைத்து வைக்க ஒரு ஆளிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நான்கையும் வீட்டு ஆம்பளைகளும் பெரிய பிள்ளைகளும் ஒரு தடவையாவது, சமைப்பவர் நன்றாக இருக்கும்போதே, செய்து பழகியிருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் வந்து ‘கடுகு எந்த டப்பாவில் இருக்கு’ என்று கேட்டால், அந்தக் கட்டத்தை எழுதியே பிரயோஜனமில்லை. டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள், ரவைக்கும் ஜவ்வரிசிக்கும் எத்தனை தம்ளர் தண்ணீர் என்பதையும் அதிலேயே.